வலி இரண்டே கால்

கலாமணியின் வலி இரண்டே கால் என்று அரசாங்கம் முடிவு செய்தது.

பத்துக்கு இரண்டே கால். நான்கு வந்திருந்தால் மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைத்திருக்கும், கம்பெனி மீது போட்ட நஷ்டஈட்டு வழக்கும் ஜெயித்திருக்கும். மூன்று வந்திருந்தால்கூட மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல்கள் தைரியம் சொல்வார்கள். இரண்டே கால் என்பது கொசுக்கடிக்கு மேலே, பல் கூச்சத்துக்குக் கீழே. வலி மதிப்பீட்டு வாரியம் இலவசமாகக் கொடுத்த கையேட்டில் அந்த இடத்துக்கு நேராக ஒரு படமே போட்டிருந்தார்கள். புதுச் செருப்பு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே நடந்து போகிறார்.

அந்தப் புதுச் செருப்பு அவளைக் கடிக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தைத்த கட்டுகளோடு சரக்கு லிஃப்டில் இறங்கினாள். ஆள் ஏறக்கூடாது என்று லிஃப்டில் எழுதியிருந்தது உண்மைதான். படியில் இறங்கினால் லேட்டாகிறது என்று சூப்பர்வைசர் கத்துவார் என்பதும் உண்மைதான், அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது மாடியில் கம்பி அறுந்தது. பனியன் கட்டுகளின் மேல் விழுந்ததால் அவளுக்கு ஒரு எலும்புகூட முறியவில்லை. அவள் செய்த பெரிய தப்பு அதுதான். முறிந்திருந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்திருக்கும், கம்பெனியும் மறுநாளே பழக்கூடையோடு வந்திருக்கும்.

அவளுக்கு வந்தது வேறு மாதிரி. இடது காதுக்குக் கீழே தொடங்கி, தோள்பட்டையைச் சுற்றிக்கொண்டு, முழங்கை வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் இறங்கும். யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போலப் பிழியும். பிழிந்துவிட்டு உதறவாவது செய்யலாம், அதுவும் செய்யாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. முதல் டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர் தலையணையை மாற்றச் சொன்னார். மூன்றாவது டாக்டர், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அன்பாக விசாரித்தார். கம்பெனி மேனேஜர் சபாபதி மட்டும்தான் சுற்றி வளைக்காமல் பேசினார். "நல்லா நடிக்கறீங்க கலாமணி," என்றார்.

அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. ஒருவர் உடம்பின் வலியை இன்னொருவர் உடம்புக்குக் கொண்டுபோகிற பட்டை ஒன்றை எங்கேயோ கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த மூன்றே வருடத்தில் அரசாங்கம் அதற்கு ஒரு வாரியம் அமைத்து, ஒரு படிவமும் அச்சடித்தது. தொழிலாளர் வழக்குகளைப் பாதிக் காசுக்கும் சில சமயம் காசில்லாமலும் நடத்துகிற வக்கீல் நூர்ஜகான்தான் கலாமணியை உட்கார வைத்து அதை விளக்கினாள்.

"இனிமே யாரும் உங்களை நடிக்கறீங்கன்னு சொல்ல முடியாதுக்கா. உங்க கழுத்துல ஒரு பட்டை, அளக்கறதுக்குன்னு அரசாங்கம் வெச்சிருக்கற ஆளு கழுத்துல ஒரு பட்டை. உங்களுக்கு எங்கெங்க எப்படி வலிக்குதோ, அதே இடத்துல அதே மாதிரி அவருக்கும் வலிக்கும். எத்தனைன்னு அவர் வாயால சொல்லோணும்."

"அந்த மிஷினே நம்பர் சொல்லிடக் கூடாதுங்களா?"

"மிஷினுக்கு வலிச்சாத்தானேக்கா அதுக்கு நம்பர் தெரியும்? அது தபால்காரர் மாதிரி. கொண்டு போய்க் குடுக்கும், பிரிச்சுப் படிக்காது."

"சரி, படிக்கற ஆளு யாருங்க?"

படிக்கிற ஆளின் பெயர் உலகநாதன். அரசாங்க பாஷையில் 'மாநில நியம மனிதர்', ஜனங்களின் வாயில் 'அளவுக்காரர்'. எழுபதாயிரம் பேரைச் சோதித்து அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறார், ஊசி போட்டால் எவ்வளவு முகம் சுளிக்கிறார், பஸ் வராவிட்டால் எத்தனையாவது நிமிடத்தில் திட்ட ஆரம்பிக்கிறார் என்று எல்லாவற்றிலும் அந்த மனிதர் நட்டநடுவில் நின்றார். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒரு சின்னக் குறை. அவருக்கு இரண்டு, மாநிலச் சராசரி ஒன்றே முக்கால். அதைப் பொறுத்துக்கொண்டு அரசிதழில் பெயரை வெளியிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவுதான் வலி.

தேதி கிடைத்த அன்று கலாமணி தலைக்குக் குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது அவள் மனசில் இரண்டாவதாகத்தான் இருந்தது. தன் உடம்புக்குள் நடப்பது உலகத்தில் இன்னும் ஒரே ஒரு ஆளுக்காவது தெரியப்போகிறது. அந்த நினைப்பில் வாரியத்தின் மூன்று மாடிப் படிகளையும் ஏறினாள். ஊனமுற்றவர்களுக்கான அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது.

உலகநாதன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வாயில் ஒரு பெப்பர்மின்ட் இருந்தது. பட்டை மாட்டினார்கள். அவர் இடது தோள் லேசாகத் தூக்கிக்கொண்டது, நெற்றி சுருங்கியது. கலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். மூன்று நிமிடத்தில் மணி அடித்தது.

"ரெண்டு," என்றார். பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, "ரெண்டே கால்," என்றார். அந்தக் கால் அவராகப் பார்த்துப் போட்டது. "கவலைப்படாதீங்கம்மா, கம்மிதான்," என்று நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். ப்யூன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சான்றிதழ் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நம்பரின் குணம் தெரிந்தது. அவள் புருஷன் தண்டபாணி தண்ணி லாரி ஓட்டுகிறவன். பதினோரு வருடமாக அவளைக் குடம் தூக்கவிட்டதில்லை. இரண்டு கையும் தூக்கினால்தான் கொண்டை போட முடியும் என்பதால் தினமும் காலையில் அவனே அவளுக்குக் கொண்டை போடுவான். லாரிக்குக் கயிறு கட்டுவது போல இறுக்கமாகப் போடுவான், ஆனால் போடுவான். ஒரு நாளும் அவளைச் சந்தேகப்பட்டதில்லை.

"ரெண்டே காலுதானா அம்மிணி?" என்றான், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"பத்துக்கா?"

"பத்துக்குத்தான்."

காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தான். ஒரு வாரம் கழித்து, "அந்தத் துணியவாவது மடிச்சு வெக்கலாமல்ல," என்றான். அதற்கடுத்த வாரம் ஒருநாள் கொண்டை போட மறந்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. முத்திரை குத்திய காகிதத்தை விட்டுவிட்டுப் பெண்டாட்டி முகத்தை நம்பு என்று அவனுக்கு எந்த இலாகாவும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கவில்லை.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. கலாமணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் பெரிதுபடுத்துகிறோமோ, ஊரில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமோ, அவர்கள் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறார்களோ என்று யோசித்தாள். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, புதுச் செருப்புதானே என்று சொல்லிக்கொண்டு குளியலறையில் இருந்த வாளித் தண்ணீரை இடது கையால் தூக்கினாள். நான்கு எட்டு வைத்தாள். பிறகு அந்தத் தண்ணீரிலேயே தரையில் முக்கால் மணி நேரம் கிடந்தாள். எழுந்தபோது வலி குறைந்திருக்கவில்லை, ஆனால் சந்தேகம் போயிருந்தது.

மறுநாள் சபாபதியிடமிருந்து கடிதம் வந்தது. அவளுடைய உடல்நலம் குறித்து வாரியம் தந்த நற்செய்தியால் நிர்வாகம் மகிழ்ச்சி அடைகிறதாம். செக்கிங் பிரிவில் இடம் இருக்கிறதாம். முப்பது நாளில் வந்து சேராவிட்டால் அவளாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுமாம்.

அதை எடுத்துக்கொண்டு நூர்ஜகானிடம் போனாள். நூர்ஜகான் சட்டப் புத்தகத்தை மூன்று நாள் புரட்டினாள். மேல்முறையீட்டில் விண்ணப்பதாரர் கேட்டால், வலி இருக்கிற நேரம் முழுவதும் நியம மனிதர் பட்டையை மாட்டியிருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. யாரும் இதுவரை கேட்டதில்லை. வாரியத்தின் துணை ஆணையர் சடகோபன் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வலி எவ்வளவு நேரம் இருக்கிறது?"

"எப்பவும் இருக்குதுங்க," என்றாள் கலாமணி.

"எப்பவும் என்றால் நடைமுறையில் சாத்தியமில்லை. அலுவலக நேரம் எப்பவோ அதுதான் எங்களுக்கு எப்பவும். பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால். நடுவில் உணவு இடைவேளை உண்டு."

"இடைவேளையில வலி நிக்காதுங்களே."

"பட்டை இருக்கட்டும். சாப்பாட்டை நாங்கள் தடுக்கவில்லை."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரையும் ஒரு அறையில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். மூலையில் ஒரு கேமரா. உலகநாதன் உற்சாகமாக இருந்தார். ஒரு நாள் முழுவதும் ஒரே ஆள், நாற்பது பேரை மாற்றி மாற்றி மாட்ட வேண்டியதில்லை. பேப்பரும் குறுக்கெழுத்தும் கொண்டு வந்திருந்தார்.

பத்தே முக்காலுக்கு நாற்காலியை ஒரு முறை மாற்றிப் போட்டார். பதினொன்று இருபதுக்குப் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏம்மா, இது இப்படியேதான் இருக்குமா? நடுவுல கொஞ்சம் விடுமா?"

"விடாதுங்க."

"கூடுமா?"

"மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கூடும்ங்க. மழை வந்தா இன்னும்."

உலகநாதன் திரும்பி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு டீ கொண்டு வந்த ப்யூன் டம்ளரைச் சத்தமாக வைத்ததற்கு அவரைத் திட்டினார். திட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் பார்த்தார். இடது கையால் பிடித்து வலது கையால் மூடியைத் திருகப் போனவர், "அம்மா," என்று டப்பாவை அப்படியே மேஜையில் விட்டார்.

"முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கோங்க," என்றாள் கலாமணி. "அப்பறம் ஒரு கையே போதும். எடது கையைத் தொங்கப் போடாதீங்க, வயித்தோட ஒட்டி வெச்சுக்கோங்க. அப்படி இல்லீங்க. கைக்கொழந்தையத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி."

அவர் அவள் சொன்னபடி வைத்தார். வைத்ததும் முகம் ஒரு துளி தளர்ந்தது. "ஆமா, இப்ப பரவாயில்ல," என்றார் ஆச்சரியமாக.

கலாமணிக்கு அழுகை வந்தது. பதினோரு வருடத்தில் அவள் தனக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்த உபாயம் அது. அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. எதிரே ஒரு மனிதர் அவளைப் போலவே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அவளைப் போலவே சோற்றைப் பிசையாமல் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ஆள் துடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

இரண்டரை மணிக்கு உலகநாதனின் மனைவி போனில் ஏதோ கேஸ் சிலிண்டர் விஷயமாகக் கேட்டாள். அவர் நான்கு வார்த்தை கத்திவிட்டு வைத்தார். அப்புறம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவகிட்ட இந்த மாதிரிப் பேசினதே இல்ல."

"நானும் மொதல்ல பேசினதில்லீங்க," என்றாள் கலாமணி. "அப்பறம் பேசிப் பழகிடும். அவங்களுக்கும் கேட்டுப் பழகிடும்."

மூன்று மணிக்கு மேல் அவர் எழுந்து நடந்தார், சுவரில் சாய்ந்தார், தரையில் படுத்தார், திரும்ப எழுந்தார். கலாமணி அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எப்படிங்க நீங்க பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கீங்க? உங்களுக்கு நிஜமாவே வலிக்குதா இல்லையா?"

கேட்டுவிட்டு, கேட்டது என்ன என்பது அவருக்கே உறைத்தது. அந்த அறையில் அதைக் கேட்கக்கூடாத ஒரே ஆள் அவர்தான்.

"சும்மா இல்லீங்க," என்றாள் கலாமணி. "உக்காந்திருக்கறதே பெரிய வேலையா இருக்குதுங்க."

மூன்று நாற்பதுக்கு உலகநாதன் பட்டையைக் கழற்றி மேஜை மேல் வீசினார். சடகோபன் ஓடிவந்தபோது, "ஒன்பது. எழுதிக்குங்க," என்றார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோளைச் சுழற்றினார். பிறகு எதிரே பார்த்தார். அவள் கழுத்திலிருந்தும் பட்டையைக் கழற்றியிருந்தார்கள். அவள் கையை இன்னமும் வயிற்றோடு ஒட்டித்தான் வைத்திருந்தாள்.

"ஆறு வருஷத்துல அறுபதாயிரம் பேருக்கு மேல பார்த்திருக்கேன்மா," என்றார் தணிந்த குரலில். "பொய் சொன்னதில்ல. எனக்கு எவ்வளவு தெரிஞ்சுதோ அதைத்தான் சொன்னேன். ஆனா மூணு நிமிஷம்னு தெரியும். மணி அடிக்கும்னு தெரியும். முடிஞ்சிரும்னு தெரிஞ்சா எதையும் தாங்கலாம்மா. நான் இத்தனை நாளா வலியைப் பார்க்கல. மணி அடிக்கறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அன்று சாயங்காலம் கலாமணி வீட்டில் நடந்ததைச் சொன்னாள். டப்பா திறக்க முடியாத கதையையும் சொன்னாள். மறுநாள் காலையில் தண்டபாணி சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து உட்கார்ந்தான். கொண்டை வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

தீர்ப்பைச் சடகோபனே படித்தார்.

"சராசரி மனிதர் ஒருவர் ஐந்தே முக்கால் மணிவரை தாங்குவார் என்பது வாரியத்தின் எதிர்பார்ப்பு. மூன்று நாற்பதுக்கே பட்டையைக் கழற்றியவரைச் சராசரி மனிதராகக் கருத இயலாது. சராசரி அல்லாதவர் சொன்ன ஒன்பது என்ற எண் செல்லாது."

நூர்ஜகான் எழுந்தாள். "அப்படின்னா அவரே முன்னாடி சொன்ன ரெண்டே காலும் செல்லாதுங்களே?"

"அது செல்லும். அப்போது அவர் சராசரியாக இருந்தார்."

உலகநாதனை நீண்ட மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். பட்டையைக் கழற்றிய பிறகும் அவருக்கு இடது தோளில் ஏதோ மிச்சம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அதற்காக அவர் வாரியத்துக்கே விண்ணப்பித்தார். மதிப்பிட ஆள் இல்லாததால் விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்பட்டது.

பதினைந்து நாளில் பேப்பரில் விளம்பரம் வந்தது. மாநில நியம மனிதர் பணியிடம் ஒன்று, நிரந்தரம். வயது முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள். படிப்பு பத்தாம் வகுப்பு. குறிப்பிடத்தக்க வலி ஏதும் இல்லை என்பதற்கு, மூன்றுக்குக் கீழ் மதிப்பெண்ணோடு வாரியமே வழங்கிய சான்றிதழ் இணைக்க வேண்டும்.

தண்டபாணி அதை இரண்டு முறை படித்தான். பிறகு பீரோவிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது உன்னையத்தான் கூப்புடற மாதிரி இருக்குது அம்மிணி."

நேர்காணலில் சடகோபனும், ஒரு பெண் டாக்டரும், ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாத நிதித்துறை அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். சடகோபன் அவளைப் பார்த்ததும் தர்மசங்கடமாக நெளிந்தார்.

"உங்களுக்குத்தான் வலி இருக்கிறதே அம்மா?"

"இருக்குதுங்களா?" என்றாள் கலாமணி. "அப்ப அதை எழுதிக் குடுங்க சார், நான் இப்படியே கேஸுக்குப் போயிடறேன்."

மூன்று பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். காகிதம் இரண்டே கால் என்றது. கீழே சடகோபனின் கையெழுத்து இருந்தது.

பெண் டாக்டர்தான் முதலில் பேசினார். அந்தத் திங்கட்கிழமை கேமராவில் பதிவானதை அவர் பார்த்திருந்தார். "அந்த ஆள் தரையில் உருண்டார். இந்த அம்மா அசையவே இல்லை. நமக்கு வேண்டியது இந்த மாதிரிப் பொறுமைதான்," என்றார். நிதித்துறை அதிகாரி தலையை நிமிர்த்தினார். இவ்வளவு தாங்குகிறவள் மற்றவர்கள் வலிக்கு என்ன நம்பர் சொல்வாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. அவர் முகம் மலர்ந்தது. அவர் மலர்ந்ததைப் பார்த்துச் சடகோபனும் மலர்ந்தார். கலாமணியைச் சராசரி மனிதராக அரசிதழில் வெளியிட்டுவிட்டார்கள்.

சேருகிற அன்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'என் உடம்பில் குறிப்பிடத்தக்க வலி எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை.' அதில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி மேல் போட்ட வழக்கு அத்தோடு செத்தது. சபாபதி நிம்மதியாகத் தூங்குவார். நூர்ஜகான் பக்கத்தில் நின்றாள். போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கலாமணி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அந்த வரியைப் பார்த்தாள். 'இருந்ததும் இல்லை' என்ற இடத்தில் கண் நின்றது. பதினோரு வருடம். பிறகு வெளியே, படிக்கட்டுவரை நின்ற வரிசையைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"இருக்குதுன்னு பதினோரு வருசம் சொன்னேன், ஒருத்தரும் நம்பலை," என்றாள் படி இறங்கும்போது. "இல்லைன்னு ஒரு தடவை எழுதிக் குடுத்தேன், ஒடனே நம்பிட்டாங்க பாத்தீங்களா வக்கீலம்மா."

முதல் நாள் முதல் ஆளாகச் சின்னராசு வந்தார். சாயப்பட்டறையில் கொதிக்கிற சாயத் தண்ணீர் வலது கால் மேல் கொட்டியவர். புண் ஆறிப் புதுத் தோல் வந்து நான்கு வருடம் ஆகிறது. எரிச்சல் மட்டும் ஆறவில்லை என்றார். கால் பார்ப்பதற்குப் பளபளவென்று நன்றாக இருந்தது. அவர் அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார்.

பட்டை மாட்டினார்கள். கலாமணியின் வலது பாதத்தில் சூடு ஏறியது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்பது போல இருந்தது. அவளுடைய இடது கை வலி அதன் பாட்டுக்கு ஒரு பக்கம் பிழிந்துகொண்டிருக்க, இது தனியாகத் தெரிந்தது. உள்ளதைச் சொன்னால் இது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு சொல்லலாம். மனசு தாராளமாக இருந்தால் இரண்டரை.

இவ்வளவுதானா, என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்டது.

அது யாருடைய குரலும் இல்லை, அவளுடையதுதான். பதினோரு வருடத்தில் எந்த வலிக்கும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

மணி அடித்தது. சடகோபன் பேனாவைத் திறந்தார். "எண் சொல்லுங்கள் அம்மா."

சின்னராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நிமிசத்துல எனக்குத் தெரியலீங்க சார்," என்றாள் கலாமணி.

"தெரியவில்லை என்று போடுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை."

"அப்ப தெரியற வரைக்கும் உக்காந்திருக்கறேன். அஞ்சே முக்கால் வரைக்கும் எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

சடகோபன் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அரசிதழில் வந்துவிட்ட சராசரி அவள். சராசரி மனிதருக்கு மூன்று நிமிடத்தில் தெரியாது என்றால் யாருக்கும் தெரியாது என்றுதான் சட்டத்தில் அர்த்தம். ஐந்தே முக்காலுக்கு முன்னால் பட்டையைக் கழற்றிவிடுவாள் என்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை. திங்கட்கிழமைப் பதிவை அவரும் பார்த்திருந்தார்.

"அம்மா, வெளியே இன்னும் முப்பத்தொன்பது பேர் நிற்கிறார்கள்," என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

"ஏனுங்க நிக்க வெச்சிருக்கீங்க?" என்றாள் கலாமணி. "மொதல்ல நாற்காலி போடச் சொல்லுங்க."